நாலணாத் தரை

செங்குளம்புதூரில் நாலணா கனத்துப்போன வருஷத்தை அந்த ஊர்க்காரர்கள் வேறு பெயர்களால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், பெரியகுளம் இரண்டு தடவை நிரம்பி மறுகால் பாய்ந்த வருஷம் என்பார்கள், மேலத்தெருத் தேரின் சக்கரம் உடைந்த வருஷம் என்பார்கள், வெங்காயம் நூற்று நாற்பதுக்குப் போன வருஷம் என்பார்கள், நாலணாவைப் பற்றிக் கேட்டால் ஆமாம், அதுவும் அந்த வருஷந்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மறுபடி வெங்காயத்துக்கே கொண்டுபோவார்கள்.

உலகம்மாளுக்கு மட்டும் கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால், தென்காசி போகிற மினிபஸ். ஒன்பது வயதில் சுளவு என்கிற முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவள், இருபத்தெட்டில் சங்கம் கட்டியவள், மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் சங்கத்து நோட்டீஸ்களை எழுத்துக்கூட்டிப் படித்தே படிப்பைப் பிடித்துக்கொண்டவள், அன்றைக்கு அறுபத்தெட்டு வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்டக்டரிடம் ஒரு பத்து ரூபாய்க் காசை நீட்டினாள், அந்தக் காசின் தலைமேல் காண்டாமிருகம் போட்ட ஒரு நாலணாவும் இருந்தது. நாலணா இனிமேல் செல்லாது என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கினாலும் மத்தி மீன் வாங்கினாலும் டீ குடித்தாலும் கொடுக்கிற காசுக்கு மேலே அந்த நாலணாவையும் வைத்து நீட்டுவது அவள் வழக்கம், வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே நாலணாவைத் திருப்பித் தருவார்கள், அவள் சிரிக்காமல் வாங்கி முந்தியில் முடிந்துகொள்வாள்.

கண்டக்டர் மாடக்கண்ணு வேலைக்குப் புதுசு.

"ஏ கிழவி, பத்து ரூவாக் காசையே கடைக்காரன் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்னு நான் தலையில அடிச்சுக்கிட்டு இருக்கேன், இதுல செத்துப்போன நாலணா வேறயா?"

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"கவருமெண்டு சொல்லுச்சு."

"கவருமெண்டு எத்தனை பீடி சுத்துச்சு?"

பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் மாடக்கண்ணுவுக்குச் சுட்டது. நாலணாவை எடுத்துத் தரையில் விட்டெறிந்தான். அது இரண்டாவது சீட்டுக்கு அடியில் உருண்டு போய் விழுந்தது, விழுந்த மாத்திரத்தில் பஸ் நின்றது. டிரைவர் கியரை மாற்றி மாற்றிப் போட்டார், எஞ்சின் கத்தியது, கிளட்ச் கருகிய நாற்றம் வந்தது, வண்டி ஒரு சாண் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் நாலணா கிடந்த பக்கத்துச் சக்கரம் தார்ரோட்டுக்குள் நாலு விரல் இறங்கியிருந்தது. மாடக்கண்ணு குனிந்து காசைக் கிள்ளிப் பார்த்தான், வரவில்லை. நாலு ஆம்பிளைகள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, பிளக்க நேரமும் இல்லை, ஆளாளுக்கு அவசரம்.

"வேய் கண்டக்டர், அந்தம்மாகிட்ட மரியாதையாச் சொல்லி எடுக்கச் சொல்லும்வே, எனக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டிருக்கு" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

உலகம்மாள் எழுந்து வந்தாள். இரண்டு விரலால் நாலணாவை எடுத்தாள், முந்தியில் துடைத்தாள், முடிந்துகொண்டாள். முட்டிக்கொண்டு நின்ற எஞ்சின் சட்டென்று விடுபட்டதில் பஸ் துள்ளி ஓடி ஒரு புளியமரத்தடியில் போய்த்தான் நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் அத்தனை வீட்டிலும் பழைய காசைத் தேடி எடுத்துவிட்டார்கள். அஞ்சு பைசா, பத்துப் பைசா, தாமரை போட்ட இருபது பைசா, நாலணா, செல்லாது என்று சொல்லப்பட்ட காசு எதுவானாலும் ஒரே கதைதான், யார் உழைத்துச் சம்பாதித்ததோ அவர் கைக்கு மட்டும் அது காசாக இருந்தது, மற்றவர் கைக்கு மலையாக இருந்தது. செல்லுகிற காசுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரூபாயும் இரண்டு ரூபாயும் எப்போதும்போலக் கைமாறின, அவற்றுக்கு ரோஷம் வர இன்னும் நாளிருக்கிறது என்று உலகம்மாள் சொன்னாள்.

முதலில் எல்லோரும் கேட்டது விலையைத்தான். காண்டாமிருகம் போட்ட நாலணாவுக்கு லட்சம் ரூபாய் தருகிறானாமே, நிஜமா? அஞ்சு பைசாவில் சதுரமாக இருப்பதுக்கு மதிப்பு அதிகமா, பூப்போல நெளிந்து இருப்பதுக்கு அதிகமா? ஓரத்தில் ஓட்டை போட்டது போகுமா? இரும்பு விலைக்காவது எடுப்பானா? செல்போனைத் தடவித் தடவி இந்தக் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், வாங்குகிறவனால் தூக்க முடியாத பொருளுக்கு என்ன விலை என்று ஒரு செல்போனும் சொல்லவில்லை. பத்து நாள் போனதும் கேள்வி தானாக மாறியது. இது எவ்வளவு பெறும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இது யார் சம்பாதித்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்வி வந்ததும் ஊர் கொஞ்சம் ஆடித்தான் போனது. நான் சம்பாதிச்சுப் போட்டுத்தானே இந்த வீடு நடக்குது என்று முப்பது வருஷம் மார்தட்டிய தரகர் ஆனையப்பன், அரிசிப் பானைக்குள் கிடந்த இருபது பைசாவைத் தூக்கப் போய் இடுப்புப் பிடித்து விழுந்தார், அவர் சம்சாரம் வந்து ஒற்றை விரலால் அதை எடுத்துவிட்டு, அந்த விரலாலேயே அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். வட்டிக்கடைக்காரர் வீட்டில் மரப்பெட்டி தரையைப் பொத்துக்கொண்டு பூமிக்குள் போனது, அதில் கிடந்த சில்லறையில் ஒன்றுகூட அவருடையது இல்லை. கோயில் உண்டியலை அசைக்க முடியவில்லை, தர்மகர்த்தா யோசித்து யோசித்து உண்டியல் மேலேயே ஒரு விளக்கை ஏற்றிவைத்து அதையும் ஒரு சாமியாக்கிவிட்டார். அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன காசைப் பிள்ளைகள் தூக்க முடியவில்லை, செத்தவர்கள் காசு கிடந்த இடத்தில் கிடந்தது, அதைச் சுற்றிக் கோலம் போட்டுக்கொண்டார்கள். சனங்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். மாடு கட்டத் தறி அடிப்பதை விட்டுவிட்டுத் தாத்தா காலத்து அஞ்சு பைசாவில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள், ஆடிக்காற்றில் ஓடு பறக்காமல் இருக்கக் கூரைக்கு ஒரு பத்துப் பைசா வைத்தார்கள், அதை ஏற்றி வைக்க அந்தக் காசுக்குச் சொந்தக்காரக் கிழவரையே ஏணியில் ஏற்றினார்கள்.

ஒரு காலேஜ் வாத்தியார் மின்சாரத் தராசோடு வந்தார். உலகம்மாள் தன் நாலணாவைத் தராசில் வைத்தாள், இரண்டு கிராம் எண்பது என்று காட்டியது. வாத்தியார் எடுக்கப் பார்த்தார், தராசுதான் நொறுங்கியது.

"இதுக்கு என்ன காரணம்னு நெனைக்கீங்க அம்மா?"

"உங்க சம்பளத்துல இருந்து ஒரு நோட்டை எடுத்து அது பக்கத்துல வைங்க சார். திரும்பத் தூக்க முடியுதான்னு பாப்போம். அப்பொறம் காரணம் பேசலாம்."

வாத்தியார் சட்டைப்பையைத் தொட்டார், சிரித்தார், நொறுங்கிய தராசைப் பொறுக்கிக்கொண்டு போனார், பிறகு வரவே இல்லை.

இத்தனையும் நடக்கும்போது உலகம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஒரு முள் கிடந்தது, அந்த முள்ளுக்கு முப்பத்தஞ்சு வயது.

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி கிளிமூக்கு பீடிக் கம்பெனியில் ஆயிரம் பீடிக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் நடந்தது. நாற்பத்தேழு நாள். உலகம்மாள் இருபதாம் நாளே ஜெயிலுக்குப் போய்விட்டாள், வெளியே நூற்றுப் பன்னிரண்டு பெண்களையும் கட்டி நிறுத்தியவள் ஜைத்தூன் பீவி. பிள்ளைகள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றன, பெரியவர்கள் அந்தத் தொலியைத் தின்றார்கள், நாற்பத்தேழாம் நாள் முதலாளி நாலணா தருகிறேன் என்றார், ஜைத்தூன் கையெழுத்துப் போட்டாள். ஆயிரம் பீடி சுற்றினால் ஒரு நாலணா அதிகம். இலையை நனைத்து, வெட்டி, புகையிலைத் தூள் வைத்து, சுருட்டி, மடக்கி, நூல் கட்டி, ஆயிரம் தடவை அப்படிச் செய்தால் ஒரு காண்டாமிருகம். அடுத்த மாசம் பஞ்சாயத்து கொடுத்த அஞ்சு சென்டில் சங்கத்துக்கு ஒரு கட்டடம் எழும்பியது, புதுவீட்டுக்கு நிலை வைக்கும்போது அடியில் காசு போடுகிற பழக்கந்தான் அந்தப் பக்கத்தில் உண்டு, இந்தப் பெண்கள் அதைக் கொஞ்சம் மாற்றினார்கள், தரைக்குச் சிமெண்டு பூசிய அன்று, ஈரம் காய்வதற்குள், அவரவர் சுளவோடு உட்காரப் போகிற இடத்தில் அவரவர் வாங்கிய முதல் உயர்வு நாலணாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பதித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு நாலணா. ஜைத்தூன் தன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டாள்.

உலகம்மாள் விடுதலையாகி வந்தவள் கட்டடத்து வாசலில் நின்று அந்தத் தரையைப் பார்த்தாள். போராட்டத்தில் அவள் பங்கு என்று ஒரு நாலணாவை ஜைத்தூன் அவள் கையில் கொடுத்தாள்.

"ஒரு ரூவா கேட்டு நாலணா வாங்கியிருக்கீக, அதுக்குத் தரை வேற பதிச்சு வச்சிருக்கீகளா லாத்தா?" என்று கேட்டு உலகம்மாள் அந்த நாலணாவை, அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடுகிற ஜைத்தூன் காலடியில் விட்டெறிந்தாள்.

ஜைத்தூன் குனிந்து எடுத்தாள். துடைத்தாள். மறுபடியும் உலகம்மாள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "உன் இடம் இருக்குளா உலகு, வாரப்ப வா" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் கூட்டங்களில் பக்கத்தில் நின்றார்கள், கோஷம் போட்டார்கள், ஆனால் உலகம்மாள் ஒரு நாளும் அந்தத் தரையில் உட்காரவில்லை, வாசற்படியில் நின்றபடியே பேசுவாள், நின்றபடியே நோட்டீஸ் படிப்பாள். நெஞ்சில் தூள் இறங்கி ஜைத்தூன் செத்த அன்றும் படியிலேயே நின்றாள். செல்லாத நாலணாவை ஊரெல்லாம் நீட்டிக்கொண்டு திரிந்தவள் அது எதற்கென்று யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் மாடக்கண்ணு விட்டெறிந்தபோதுதான், முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி அதே காசை அதேமாதிரி எறிந்த கை எது என்று அவளுக்கு நினைவு வந்தது.

இதற்குப் பல வருஷம் முந்தியே ரோடு அகலமாகியிருந்தது. சங்கத்துக் கட்டடம் ரோட்டு முகப்புக்கு வந்துவிட்டது. பழைய முதலாளியின் பேரன் நவநீதன் அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டப் போவதாகச் சொன்னான், பஞ்சாயத்து கொடுத்த தாளுக்கு முந்திய தேதியில் தன் தாத்தா பேரில் ஒரு தாள் இருப்பதாகக் காட்டினான், கேஸ் எட்டு வருஷம் நடந்தது, அவன் தாள் ஜெயித்தது. வெங்காயம் விலை இறங்கத் தொடங்கிய வாரம் மஞ்சள் ஜேசிபி வந்து நின்றது.

சுவரும் கூரையும் விழ இரண்டு மணி நேரம் ஆகவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகடு அப்பளமாக நொறுங்கியது, நூற்றுப் பன்னிரண்டு பேர் சிமெண்டு சுமந்து எழுப்பிய சுவர் மண்ணாகக் கிடந்தது, உலகம்மாள் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடைசிச் செங்கல் விழும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு ஜேசிபி தரையில் பல்லை வைத்தது. பல் உடைந்தது. மாற்றுப் பல் மாட்டினார்கள், அதுவும் உடைந்தது. மூன்றாவது தடவை டிரைவர் முழு வேகத்தில் அழுத்தினான், தரை அசையாமல் ஜேசிபி பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

"அண்ணாச்சி, இது தரை இல்ல" என்றான் டிரைவர் கீழே குதித்து. "எங்க ஊர்லயும் எங்கம்மாவோட பத்துப் பைசா ஒண்ணு கெடக்கு. நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன்."

நவநீதன் படித்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, சத்தம் போட்டுப் பேசமாட்டான், கிழவிகளைக் கண்டால் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவான். தரையில் மின்னிய நூற்றுப் பன்னிரண்டு காண்டாமிருகங்களையும் பார்த்தான், கணக்கைப் புரிந்துகொண்டான். அடுத்த நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொன்னார்கள், சங்கத்துத் தரையில் நாலணா பதித்தவர்கள் வந்து அவரவர் காசை எடுத்துக்கொண்டால் எடுத்த கையில் பத்தாயிரம் ரூபாய் தரப்படும்.

செல்லாத நாலணாவுக்குப் பத்தாயிரம். ஊரில் முந்தி கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கெல்லாம் பதில் வந்துவிட்டது.

உலகம்மாள் ஒரு குடையை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தாள், வாசல் இல்லாத படி. முதல் ஆளாக வந்தவள் ஆவுடை. அந்த வேலை நிறுத்தத்துக்கு முந்தி ஒரு தடவை உலகம்மாளோடு ஒரே விலங்கில் ஜெயிலுக்குப் போனவள், இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்து கம்பு ஊன்றி வந்தாள்.

"ஏளா உலகு, குடையைக் கொஞ்சம் தள்ளு. நான் உள்ள போணும்."

"நீயாட்டி மொதல்ல?"

"ஆமா, நாந்தான். எனக்குத்தான் கால் இல்ல, அதனால முன்கூட்டியே கெளம்பினேன்."

"நாப்பத்தேழு நாளு பட்டினி கெடந்ததை ஒரே நாள்ல விக்கப் போறியா?"

"பட்டினி கெடந்தப்ப நீ எங்கனளா இருந்தே?" ஆவுடை கம்பைத் தரையில் ஊன்றி நின்றாள். "நீ ஜெயில்ல ரெண்டு வேளை களி தின்னுக்கிட்டு இருந்தே. பட்டினி கெடந்தவ நான். கையெழுத்துப் போட்டவ ஜைத்தூன் மைனி. நீ அவ மூஞ்சிக்கு நேரா நாலணாவை வீசினதை நான் இன்னைக்கும் கண்ணால பாக்கேன். இந்தத் தரையில ஒரு நாள் உக்காந்திருக்கியா நீ? இன்னைக்கு இது கோயிலா ஆயிட்டோ உனக்கு?"

உலகம்மாள் ஒதுங்கி உட்கார்ந்தாள். குடையைத் தள்ளினாள். ஆவுடை உள்ளே போனாள், தன் இடம் தெரிந்து நின்றாள், கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நாலணாவை ஈர மண்ணிலிருந்து கிழங்கு பிடுங்குகிறவள்போல எடுத்தாள். நவநீதன் ஆள் பத்தாயிரத்தைக் கையில் கொடுத்தான். அவள் எண்ணிப் பார்க்கவில்லை, உலகம்மாளையும் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வந்தார்கள். கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டவர்கள் வந்தார்கள், திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள், கண் தெரியாத பூரணம் பேத்தி தோளைப் பிடித்து வந்து காலாலேயே தன் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து எடுத்தாள். உலகம்மாள் ஒவ்வொருத்தியையும் பார்த்தாள், முதல் நாள் காறித் துப்பினாள், இரண்டாம் நாள் துப்பவில்லை, மூன்றாம் நாள் பூரணத்துக்குப் படி இருக்கிறது என்று கைபிடித்து இறக்கிவிட்டாள். கோபம் குறையவில்லை, எந்தப் பக்கம் பார்த்துத் துப்ப வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போனது. சனிக்கிழமை மத்தியானம் எழுபத்திரண்டு பேர் எடுத்து முடித்திருந்தார்கள். தரையில் எழுபத்திரண்டு சின்னச் சின்ன வட்டக் குழிகள், இன்னும் நாற்பது நாலணா மின்னிக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?" என்று நவநீதன் கேட்டான்.

"அதுக்கு ஆள் கூப்பிட முடியாது தம்பி" என்றாள் உலகம்மாள். "அவளுக எல்லாரும் செத்துட்டாளுக."

நாற்பது பேருடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்த்தான். இருபதாயிரம் என்றான், ஐம்பதாயிரம் என்றான். ஜைத்தூன் பேரன் சுலைமான் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தவன், தன் உம்மும்மாவின் நாலணா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து விரலை வைத்தான், எடுக்கப் பார்த்தானா சும்மா தொட்டுப் பார்த்தானா என்று சொல்ல முடியாது, பிறகு எழுந்து போய்விட்டான். நவநீதன் வேறு ஊரிலிருந்து பெரிய எந்திரம் வரவழைத்தான், கல்குவாரியில் பாறை உடைக்கிறது. வெறும் குழிகள் இருந்த இடத்தில் அதை வைத்தார்கள். நாற்பது செத்தவர்களும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருக்கவில்லை, உயிரோடு இருந்தவர்களுக்கு நடுவே நடுவே, தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள், சிமெண்டு ஒரே நாளில் ஒரே கலவையில் பூசியது. எந்திரம் குத்தியது, குத்தியது, ஜைத்தூன் இடத்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் மூன்றாவது குத்தில் அதன் அலகு இரண்டாகப் பிளந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆவுடை வந்தாள். கம்பு ஒரு கையில், சுளவு ஒரு கையில். அவளுக்குப் பின்னால் எழுபத்தொரு பேர், எல்லோர் கையிலும் சுளவு, இலைக்கட்டு, தூள் டப்பா. உலகம்மாள் குடையோடு படியிலிருந்து எழுந்து நின்றாள். இதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை, யாரும் அவளைக் கலந்துகொள்ளவும் இல்லை.

ஆவுடை தன் இடத்துக்குப் போனாள், முந்தியை அவிழ்த்தாள், நாலணாவைக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். முப்பத்தஞ்சு வருஷத்துச் சிமெண்டு அன்றைக்குப் பூசியதுபோல இளகி வாங்கிக்கொண்டது. அதன் மேலேயே உட்கார்ந்து சுளவை மடியில் வைத்தாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. டப், டப், டப் என்று எழுபத்திரண்டு தடவை தரை அதிர்ந்தது, எதிர் டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

நவநீதன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான். "என்ன இது? காசு வாங்கினீங்கள்ல? பத்தாயிரம் வாங்கினீங்கள்ல?"

"வாங்கினோம் ராசா" என்றாள் ஆவுடை நூலைப் பல்லில் கடித்தபடி. "எடுக்கதுக்குக் குடுத்தீக, எடுத்தோம். வைக்கதுக்கு நாங்க ஒண்ணும் கேக்கலை. அது சும்மா."

"இது ஏமாத்து."

"ஆமா, ஏமாத்துதான். உங்க தாத்தா ஆயிரம் பீடிக்கு நூறு கழிவுன்னு கூலி குடுக்காம தூக்கிப் போட்டு அந்தக் கழிவையும் வித்தாருல்லா, அதைப் பாத்துப் படிச்சது."

தரை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அவன் போலீசைக் கூப்பிட்டான். இன்ஸ்பெக்டர் வந்தார், தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, புகாரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"என்ன பொருளுக்குக் காசு குடுத்தீங்க?"

"நாலணாவுக்கு."

"எந்த நாலணா? இப்ப செல்லாத நாலணாவா?" இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "செல்லாத காசு ஒண்ணுக்குப் பத்தாயிரம் நீங்களா விரும்பிக் குடுத்திருக்கீங்க, இதை நான் எந்தச் செக்‌ஷன்ல எழுத? அந்த நாலணாவை ஒண்ணு எடுத்துக் குடுங்க, சாட்சிப் பொருளா வச்சுக்கிடுதேன்."

நவநீதன் குனியவில்லை.

அப்போதுதான் உலகம்மாள் குடையை மடக்கினாள். படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள், முப்பத்தஞ்சு வருஷமாக வைக்காத கால். நடுவில் ஒரு வரிசை, அந்த வரிசையில் ஜைத்தூனின் நாலணா தேய்ந்து வெளுத்து மின்னியது, அதன் பக்கத்தில் எந்திரம் மூன்று தடவை குத்தியும் கீறல் விழாமல் ஒரு காலி இடம் இருந்தது. பெண்கள் பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் கண்ணெல்லாம் அவள் பக்கம்.

"இன்னைக்காவது வந்தியே" என்றாள் ஆவுடை. "நின்னு நின்னு கால் வலிக்கலையாளா உனக்கு?"

உலகம்மாள் ஜைத்தூனின் நாலணா முன்னால் போய்க் குனிந்தாள். தரையைப் பார்த்து, "லாத்தா, கொஞ்சம் நகந்துக்கிடு" என்றாள். முந்தி முடிச்சை அவிழ்த்தாள். எல்லாக் கடையிலும் திரும்பி வந்த காசு, பஸ்ஸை நிறுத்திய காசு, ஒரு நாள் அவளே விட்டெறிந்த காசு. அதை ஜைத்தூன் காசுக்கு ஒட்டி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். தரை இளகவில்லை. இன்னும் அழுத்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், நகக்கண்ணில் ரத்தம் கட்டியது, அதற்குப் பிறகுதான் சிமெண்டு மெல்ல வழிவிட்டு அந்த நாலணாவை வாங்கிக்கொண்டது. ஜைத்தூன் கொஞ்சம் காக்க வைத்துத்தான் விட்டாள், நியாயந்தான் என்று உலகம்மாள் நினைத்தாள்.

அதன் மேல் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் தன் இலைக்கட்டில் பாதியை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

சுவர் இல்லை, கூரை இல்லை, ரோட்டில் போகிற மினிபஸ்ஸிலிருந்து எல்லோரும் பார்க்கலாம். மாடக்கண்ணு படிக்கட்டில் தொங்கியபடி விசில் அடித்து வண்டியை நிறுத்தி, வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் கிடக்கு, வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனான். நவநீதன் தரையின் விளிம்பில் பளபளத்த ஷூவோடு நின்றான். உள்ளே வரவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் தெரியவில்லை, எங்கே காலை வைத்தாலும் அது யாரோ ஒருத்தியின் இடமாக இருந்தது.

உலகம்மாள் இலையைச் சுருட்டினாள், மடக்கினாள், நூலைச் சுற்றினாள், முதல் பீடியைச் சுளவில் போட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நாங்க கேட்டது ஒரு ரூவா, தம்பி. நாலணா வந்து சேந்துட்டு. மிச்சம் முக்கா ரூவாயைப் பேசணும். செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வந்து உக்காரும்."